கூலி தருபவரின் கணக்கையே சரிபார்ப்பது எப்படி? நிலைத்தன்மை மதிப்பீட்டாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மதியம் ஒன்றரை மணி. காலையிலிருந்து சாயப்பட்டறையின் ஈரத்தரையில் நடந்து கால் கடுக்கிறது. முதலாளி அறைக்குப் பக்கத்து அறையில் இலை போட்டாகிவிட்டது. "முதலில் சாப்பிடுங்கள் சார், வேலை எங்கே போய்விடப் போகிறது?" என்கிறார்கள். எதிரே அமர்ந்து பரிமாறச் சொல்லிக்கொண்டிருப்பவர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பொறுப்பாளர். ரசம் வருவதற்குள் அவருடைய மகளுக்குக் கோவையில் கல்லூரியில் இடம் கிடைத்த கதை உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டரை மணிக்கு அதே மனிதரிடம், "முப்பது நாள் பதிவேடும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருக்கிறதே?" என்று கேட்க வேண்டும்.

கேட்க நாக்கு எழாது. எனக்கு முதல் இரண்டு ஆண்டுகள் எழவில்லை.

சமூகத் தணிக்கை (தொழிலாளர் நிலைமையைச் சரிபார்ப்பது), நீர், கரிம உமிழ்வுக் கணக்கு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை ஆகியவற்றைச் சரிபார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் எல்லாரும் நம்மை 'ஆடிட்டர்' என்றுதான் அழைப்பார்கள். உதாரணங்கள் பெரும்பாலும் திருப்பூர்ப் பக்கத்தவை, நான் நடந்த தரை அது என்பதால்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள்

நேர்மையான ஆள் எங்கே போனாலும் நேர்மையாகவே எழுதுவார் என்று நாம் நம்ப விரும்புகிறோம். குஜராத்தில் நடந்த ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அங்கே 1996இல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில், மாசு அதிகம் உண்டாக்கும் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் தணிக்கை கட்டாயமானது. தொழிற்சாலையே ஆடிட்டரைத் தேர்ந்தெடுக்கும், தொழிற்சாலையே பணமும் கொடுக்கும். எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய நால்வரும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து 473 தொழிற்சாலைகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். பாதித் தொழிற்சாலைகளில் பழைய முறையே தொடர்ந்தது. மீதிப் பாதியில் ஆடிட்டரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். கட்டணம் நிர்ணயிக்கப்பட்டு ஒரு பொது நிதியிலிருந்து போனது. ஆடிட்டர் எடுத்த அளவீடுகளில் சிலவற்றை வேறு குழு போய் மறுபடி அளந்தது.

பழைய முறையில் ஓடிய தொழிற்சாலைகளில், புகைபோக்கித் துகள் அளவு வரம்பைத் தாண்டியவை வெறும் 7 சதவீதம் என்று ஆடிட்டர்கள் எழுதியிருந்தார்கள். மறு அளவீட்டில் அது 59 சதவீதம். புதிய முறையில், வரம்பை மீறிய தொழிற்சாலையை 'சரியாக இருக்கிறது' என்று பொய்யாக எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. இதில் என்னைத் தூங்கவிடாத தகவல் ஒன்று உண்டு. ஒரே ஆடிட்டர் இரண்டு வகைத் தொழிற்சாலைகளுக்கும் போன இடங்களில், ஒன்றில் உண்மையும் மற்றொன்றில் பொய்யும் எழுதினார். ஆள் அதே ஆள்தான். பணம் வந்த வழி மட்டும் வேறு. 2015இல் குஜராத் வாரியம் தன் விதிகளையே மாற்றி, குலுக்கல் ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது.

மறுபக்கம் கராச்சி. அங்கிருந்த அலி எண்டர்பிரைசஸ் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு, பணியிட நிலைமைகளுக்கான எஸ்.ஏ. 8000 சான்று கிடைத்த சில வாரங்களில், 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வாசல்களில் பூட்டு. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சான்றளித்தது இத்தாலிய நிறுவனம். நேரில் பார்க்கும் வேலை உள்ளூர்க் கூட்டாளி நிறுவனத்துக்குப் போயிருந்தது. பூட்டிய கதவைப் பார்க்க நிபுணத்துவம் தேவையில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி உங்கள் மனச்சாட்சியோடு பேசப் போவதில்லை. எதை முன்கூட்டியே எழுதி வைப்பது, எந்தப் பணத்தை எப்போது வாங்குவது, எந்தத் தாளை யாரிடம் கேட்பது என்பதுதான் பேச்சு.

படி 1: வேலையை ஒப்புக்கொள்ளும் முன்

தணிக்கையாளர்களுக்கான பன்னாட்டு நெறிமுறைத் தரநிலைகள் ஐந்து ஆபத்துகளைச் சொல்கின்றன: சொந்த ஆதாயம், தான் செய்த வேலையைத் தானே சரிபார்ப்பது, வாடிக்கையாளருக்காக வக்காலத்து வாங்குவது, நெருக்கம், மிரட்டல். நம் ஊரில் அதிகம் நடப்பது இரண்டாவது. அதை யாரும் தவறென்று நினைப்பதுகூட இல்லை.

காரணம் எளிது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2023 ஜூலையில் 'பி.ஆர்.எஸ்.ஆர். கோர்' என்ற குறிப்பிட்ட சில அளவீடுகளுக்கு வெளியார் உறுதிச்சான்று வேண்டும் என்றது. 2023-24 நிதியாண்டில் முதல் 150 நிறுவனங்கள், அடுத்து 250, பிறகு 500, 2026-27இல் 1,000 என்று படிப்படியாக விரியும் திட்டம். இத்தனை பேருக்கு அறிக்கை எழுதித் தரத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். சரிபார்க்கத் தெரிந்தவர்களும் அவர்களேதான். அதனால் 'எழுதுவது ஒரு கம்பெனி, சரிபார்ப்பது அண்ணன் தம்பி கம்பெனி' என்ற ஏற்பாடு முளைத்தது. இரண்டு பெயர்ப் பலகை, ஒரே மாடிப்படி.

செபியின் விதியில் இதற்கு இடமில்லை. உறுதியளிப்பவரோ அவருடைய இணை நிறுவனங்களோ அந்த நிறுவனத்துக்கும் அதன் குழும நிறுவனங்களுக்கும் ஆலோசனை உள்ளிட்ட வேறு சேவைகளை விற்கக் கூடாது. 2025 மார்ச்சில் 'மதிப்பீடு அல்லது உறுதியளிப்பு' என்று நிறுவனங்களுக்குத் தேர்வு கிடைத்த பிறகு, மதிப்பீடு என்றால் கொஞ்சம் தளர்வு என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். நலன் மோதல் விஷயத்தில் அப்படி எந்தத் தளர்வும் இல்லை. மேலாண்மை முறைச் சான்றிதழ்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17021-1 தரநிலையும், ஆலோசனை கொடுத்த இடத்துக்கே சான்றளிக்கப் போவதற்கு இரண்டு ஆண்டு இடைவெளி கேட்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். வேலை வந்ததும் விலைப்புள்ளி அனுப்பும் முன்பே, வாடிக்கையாளரின் குழும நிறுவனங்கள் அனைத்தின் பட்டியலையும் கேளுங்கள். திருப்பூரில் ஒரே குடும்பத்தில் நூற்பாலை மாமனார் பெயரில், சாயப்பட்டறை மருமகன் பெயரில், ஏற்றுமதி மூத்தவர் பெயரில் இருக்கும். கம்பெனிப் பதிவில் பார்த்தால் தொடர்பே தெரியாது. அந்தப் பட்டியலை உங்கள் குழுவில் ஒவ்வொருவரிடமும் கொடுத்து, ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: பங்கு வைத்திருக்கிறீர்களா, உறவினர் வேலை செய்கிறாரா, முன்பு அங்கே வேலை பார்த்தீர்களா, கடந்த இரண்டு ஆண்டில் பயிற்சி வகுப்பு எடுத்துப் பணம் வாங்கினீர்களா. 'இல்லை' என்று வாயால் சொன்னால் போதாது, கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடும்போதுதான் பலருக்கு மைத்துனர் அங்கே கட்டிங் மாஸ்டராக இருப்பது நினைவுக்கு வரும்.

படி 2: கட்டணம்

மூன்று விதிகள் வைத்திருக்கிறேன். தொகை முன்கூட்டியே முடிவாக வேண்டும், முடிவு எதுவானாலும் அது மாறக் கூடாது. பெரும்பகுதி களத்துக்குப் போகும் முன்பும், மிச்சம் அறிக்கை வெளியாகும் முன்பும் கைக்கு வந்துவிட வேண்டும். 'அறிக்கை திருப்தியாக இருந்தால்' என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்குமே இருக்கக் கூடாது.

இவற்றில் இரண்டாவதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பாதிப் பணம் பாக்கி இருக்கும்போது நிறைவுக் கூட்டத்தில் உட்காருகிற மதிப்பீட்டாளர், கடன் வசூலிக்க வந்தவர்போல் பேசுவார். குரலே மாறிவிடும். நிதித்துறை மேலாளருக்கு அது தெரியும்.

மலிவான கட்டணமும் ஒரு விதக் கட்டுதான். மூன்று பிரிவு, 900 தொழிலாளர்கள் இருக்கும் இடத்தை ஒரு ஆள் ஒரே நாளில் முடிப்பதாக ஒப்புக்கொண்டால், கம்பெனி நீட்டும் கோப்பைத் தவிர வேறு எதையும் பார்க்க நேரமிருக்காது. நேரமில்லாதவர் கொடுத்ததைத்தான் நம்பியாக வேண்டும்.

ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பதற்கும் அளவுகோல் உண்டு. பொதுநலன் சார்ந்த நிறுவனங்களின் (பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், வங்கிகள் போன்றவை) நிதித் தணிக்கையில், ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வரும் தொகை தணிக்கை நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் 15 சதவீதத்தை இரண்டு ஆண்டு தொடர்ந்து தாண்டினால் வெளியார் மறுஆய்வு வேண்டும். ஐந்து ஆண்டு தாண்டினால் விலக வேண்டும் என்று பன்னாட்டு நெறிமுறை சொல்கிறது. நிலைத்தன்மை உறுதியளிப்புக்கென 2025 ஜனவரியில் தனி நெறிமுறைத் தரநிலையும், அதற்கு முன் 2024 நவம்பரில் ஐ.எஸ்.எஸ்.ஏ. 5000 என்ற பணித் தரநிலையும் வெளியாகிவிட்டன. 2026 டிசம்பர் 15 முதல் தொடங்கும் அறிக்கைக் காலங்களுக்கு இவை நடைமுறைக்கு வருகின்றன. பட்டயக் கணக்காளர் அல்லாத பொறியாளர்களுக்கும் சூழலியலாளர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டவை. நாள் கணக்கில் கூலி வாங்கும் தனி ஆடிட்டர்கள், வருடத்துக்கு எத்தனை நாள் வேலை எந்தச் சான்று நிறுவனத்திடமிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். என் நண்பர் ஒருவர் எழுதிப் பார்த்துவிட்டு, தாளைக் கிழித்துப் போட்டார்.

படி 3: இலை, கார், பை

விருந்தாளிக்குச் சோறு போடாமல் அனுப்புவது நம் வழக்கமில்லை. போட்ட இலையிலிருந்து எழுவது அதைவிடப் பெரிய அவமரியாதை. எனவே இலை போடுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். வருகையை உறுதிசெய்யும் மின்னஞ்சலில் நான் எப்போதும் சேர்க்கும் வரி: "மதிய உணவைத் தொழிலாளர் உணவகத்தில், உரிய கட்டணம் செலுத்திச் சாப்பிடுவோம்." அந்த உணவகத்தில் உட்கார்ந்தால் தட்டில் எதைப் போடுகிறார்கள், கை கழுவக் குழாய் எத்தனை, பெண்கள் தனியாக உட்காருகிறார்களா என்பதெல்லாம் கூலி இல்லாமல் தெரியவரும். உணவகமே இல்லாத இடத்தில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள்.

கார், அறை வாடகை உங்கள் செலவு, கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள். கிளம்பும்போது காரின் பின்சீட்டில் பனியன் பை ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். "சேம்பிள் பீஸ்தான் சார், வெளியே விற்கிற சரக்கு இல்லை." உங்களிடம் கொடுத்தால் மறுப்பீர்கள் என்பதால் ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். ஓட்டுநரிடமும் காலையிலேயே சொல்லிவையுங்கள். தீபாவளிப் பெட்டி வீட்டுக்கே வந்துவிட்டால் திருப்பி அனுப்பி, தேதியோடு ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். இனிப்பைத் திருப்பி அனுப்ப மனம் வராது. வரத்தான் வேண்டும்.

படி 4: களத்தில், அவர்கள் தராத தாளைத் தேடுங்கள்

பணத்தில் சுதந்திரம் இருந்தும் தகவலில் அடிமையாக இருக்கலாம். கம்பெனி தேர்ந்தெடுத்த கோப்பு, கம்பெனி தேர்ந்தெடுத்த தொழிலாளி, கம்பெனி தேர்ந்தெடுத்த மொழிபெயர்ப்பாளர் என்று நாள் போனால், உங்கள் அறிக்கை கம்பெனியின் அறிக்கைதான். கையெழுத்து மட்டும் உங்களுடையது. எந்த மாதம், எந்தப் பிரிவு, யார் என்பதை நீங்களே, அங்கே போய், அந்த நேரத்தில் தேர்ந்தெடுங்கள்.

*நீர்.* 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறை இங்கே தொழிலின் உயிர்நாடி ஆகிவிட்டது. எல்லாப் பதிவேட்டிலும் கணக்கு நேராகவே இருக்கும். நான் நீர்ப் பதிவேட்டோடு நிறுத்துவதில்லை, விறகு பில்லையும் கேட்பேன்.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு பட்டறை நாளொன்றுக்கு 500 கிலோலிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிப்பதாகச் சொல்கிறது. சவ்வு வடிகட்டியில் 85 சதவீதம் நல்ல நீராகத் திரும்பினால், மிஞ்சும் 75 கிலோலிட்டர் உப்புநீர் ஆவியாக்கிக்குப் போக வேண்டும். நீராவியில் ஓடும் நான்கு கட்ட ஆவியாக்கியானால், ஒரு டன் நீராவி மூன்று டன்னுக்குச் சற்று மேல் நீரை ஆவியாக்கும். ஆக நாளுக்கு இருபது டன்னுக்கு மேல் நீராவி வேண்டும். அதற்குக் கொதிகலனில் தோராயமாக ஆறு டன் விறகு எரிந்தாக வேண்டும். துணிக்குச் சாயமேற்றப் போகும் நீராவி தனி.

ஓர் இடத்தில் மொத்தக் கொள்முதலே நாளுக்கு இரண்டு டன்னைத் தாண்டவில்லை. கேட்டதற்கு, "பெரியப்பா தோப்பிலிருந்து விறகு வருகிறது சார், அதற்கு ஏது பில்?" என்றார் பொறுப்பாளர். நல்ல பதில். ஆனால் லாரியில் வந்த விறகுக்கு எடைமேடைச் சீட்டு இருக்கும், வாசலில் வண்டி எண் பதிவாகியிருக்கும், இறக்கிய ஆளுக்குக் கூலி போயிருக்கும். மூன்றும் இல்லை. தோப்பும் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆவியாக்கியின் மின் மீட்டர், மீட்ட உப்பின் எடை, வெளியே வாங்கிய உப்பின் பில் ஆகியவற்றையும் இப்படிக் குறுக்கே வைத்துப் பாருங்கள். எல்லாப் பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி பொய்யாக எழுதுவது, உண்மையாகவே சுத்திகரிப்பதைவிடக் கடினம்.

*வேலை நேரம்.* வருகைப் பதிவேடு இரண்டு உண்டு என்பது தொழிலில் எல்லாரும் அறிந்த ரகசியம். உங்களுக்குக் காட்டப்படுவதில் ஞாயிறு சுத்தமாக இருக்கும். அதை விட்டுவிட்டு உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேளுங்கள். தையல் ஊசி உடைந்தால் துண்டுகளை எடுத்து ஒட்டி, தேதி, நேரம், இயந்திர எண் எழுத வேண்டும் என்பது வெளிநாட்டு வாங்குபவர்களின் கட்டாயம். குழந்தை உடையில் ஊசித் துண்டு போய்விட்டால் சரக்கே திரும்பிவிடும். அந்தப் பதிவேட்டை எழுதுவது தரப் பிரிவு, வருகைப் பதிவேட்டை எழுதுவது மனிதவளப் பிரிவு. இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஊசி உடைந்திருந்தால், அப்போது தைத்துக்கொண்டிருந்தவர் யார்?

*தொழிலாளர் பேட்டி.* "எட்டு மணி நேரம், ஞாயிறு விடுமுறை, எல்லா வசதியும் இருக்கிறது." வரிசையாக ஐந்து பேர் இதே சொற்களைச் சொன்னால் முதல் நாள் ஒத்திகை நடந்திருக்கிறது. விடுமுறை உண்டா என்று கேட்காதீர்கள். போன ஞாயிறு என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களிடம் பேச, மேற்பார்வையாளரையோ ஒப்பந்தக்காரரையோ மொழிபெயர்க்கச் சொல்வது, திருடனிடம் சாவியைக் கொடுப்பதுதான். மொழி தெரிந்தவரை நீங்களே கூட்டிப் போங்கள். விடுதியில் இருக்கும் இளம் பெண்களிடம் பேசப் பெண் மதிப்பீட்டாளர் இல்லாமல் போகவே வேண்டாம். பேசியவரை அடையாளம் காண முடியாதபடி பல பிரிவுகளிலிருந்து ஆட்களை அழையுங்கள். குறிப்பில் பெயர் எழுதாதீர்கள். நீங்கள் மாலை ஆறு மணிக்குக் காரில் ஏறிவிடுவீர்கள். அவர்கள் மறுநாள் காலை அங்கேதான் வர வேண்டும்.

*காற்றாலை.* பனியன் நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. 'எங்கள் மின்சாரத்தில் பாதிக்கு மேல் பசுமை' என்று அறிக்கையில் வரும். காற்றாலை சுற்றுவதைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், மின்கட்டண பில்லைப் பாருங்கள். அந்த யூனிட்டுகள் தொழிற்சாலைக் கணக்கில் கழிக்கப்பட்டதா, மின்வாரியத்துக்கு விற்கப்பட்டதா? விற்றாயிற்று என்றால் ஆலை ஓடியது பொது மின்தொகுப்பின் மின்சாரத்தில்தான். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழைத் தனியாக விற்றிருந்தாலும் அதே கதை. ஒரே பசுமையை இருவர் சொந்தம் கொண்டாட முடியாது. 40 லட்சம் யூனிட் என்றால், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்ற மின்தொகுப்புக் கணக்கில், 2,800 டன் கார்பன் டை ஆக்சைடு அறிக்கையிலிருந்து காணாமல் போகிறது.

படி 5: "நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் சார்"

இதுதான் வழுக்குப்பாறை. குறை சொன்னதும் இந்த வேண்டுகோள் வரும், பெரும்பாலும் உண்மையான பணிவோடு. உங்களுக்கும் வழி தெரியும். சொல்லவும் ஆசை இருக்கும், எவ்வளவு படித்திருக்கிறோம் என்று காட்ட.

விதி எந்த அளவைக் கேட்கிறது, இங்கே எந்த அளவு இருக்கிறது, இடைவெளி எவ்வளவு என்பதுவரை சொல்லலாம். எந்த இயந்திரம் வாங்குவது, எந்த ஆலோசகரைப் பார்ப்பது, பதிவேட்டுக்கு எந்தப் படிவம் என்பதைச் சொல்லக் கூடாது. கணக்குத் தாளில் சூத்திரம் தவறு என்றால், தவறு என்று சொல்லுங்கள், திருத்தி அனுப்பாதீர்கள். திருத்தி அனுப்பினால் அடுத்த ஆண்டு நீங்கள் சரிபார்ப்பது உங்கள் சூத்திரத்தை. நான் ஒருமுறை இப்படி ஓர் உமிழ்வுக் கணக்கைத் 'தயவுக்காக' நிமிர்த்திக் கொடுத்தேன். மறு ஆண்டு அதே தாளைப் பார்த்தபோது எல்லாம் மிகச் சரியாகத் தோன்றியது. டீசல் ஜெனரேட்டர் விடுபட்டிருந்ததை என்னோடு வந்த பயிற்சிப் பெண்தான் கண்டுபிடித்தார்.

படி 6: நிறைவுக் கூட்டமும், பிறகு வரும் தொலைபேசியும்

கண்டதைக் கூட்டத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். வாயால் சொன்ன குறை, இரவுக்குள் கரைந்துவிடும்.

மிரட்டல் அபூர்வமாகத்தான் மிரட்டலாக வரும். "போன வருடம் வந்தவர் இதைக் கேட்கவே இல்லையே?" என்பது முதல் வடிவம். "கப்பல் புதன்கிழமை சார், 900 குடும்பம்" என்பது இரண்டாவது. இது மனதைத் தொடும், பல நேரம் உண்மையும்கூட. மூன்றாவது உங்களுக்கு வராது, உங்கள் அலுவலகத்தின் வணிகப் பிரிவுக்கு வரும். பிறகு அங்கிருந்து ஒருவர், "கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா?" என்பார்.

பிரேசிலில் புரூமாடினோ அணை 2019 ஜனவரி 25 அன்று உடைந்து 270 பேர் இறந்தார்கள். அதன் உறுதித்தன்மைக்குச் சான்று கொடுத்தது ஒரு ஜெர்மன் சான்று நிறுவனத்தின் கிளை. கையெழுத்திடாவிட்டால் வாடிக்கையாளரிடமிருந்து வரும் அழுத்தத்தைப் பற்றி அங்கிருந்தவர்கள் தங்களுக்குள் மின்னஞ்சலில் பேசிக்கொண்டது பின்னால் விசாரணையில் வெளியானது. அவர்களுக்கு அழுத்தம் தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட அழுத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தை முன்பே உருவாக்குங்கள். அலுவலகத்தில் விற்பனை இலக்கு இல்லாத ஒருவர் வேண்டும். வாடிக்கையாளர் அழைப்பு எல்லாம் அவருக்கே போக வேண்டும். ஒவ்வொரு அழைப்பும் தேதி, நேரம், சொன்ன சொல்லோடு கோப்பில் ஏற வேண்டும். "உங்கள் கருத்தைக் கோப்பில் பதிந்துகொள்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ உரையாடல்களைச் சுருக்கியிருக்கிறது. தனியாக வேலை செய்பவர், இதே தொழிலில் இருக்கும் இன்னொருவரோடு பரஸ்பர ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

படி 7: கையெழுத்துக்கு முன்

களத்துக்கு வராத ஒருவர் கோப்பைப் படிக்கட்டும். அந்த இலையில் அவர் சாப்பிடவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் தாள் இருக்கிறதா என்று மட்டும் அவர் பார்த்தால் போதும்.

பிறகு வார்த்தை. வரையறுக்கப்பட்ட உறுதி என்றால், 'நாங்கள் பார்த்த அளவில் தவறென்று கருதத்தக்க எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை' என்று பொருள். நியாயமான உறுதி என்றால், 'எங்கள் கருத்தில் இந்தத் தகவல் முக்கிய அம்சங்கள் அனைத்திலும் சரியாகத் தயாரிக்கப்பட்டுள்ளது' என்று நேராகச் சொல்வது. இதற்கு வேலையும் ஆதாரமும் பல மடங்கு. செபி பி.ஆர்.எஸ்.ஆர். கோருக்குக் கேட்டது இந்த இரண்டாவதை. முதலாவது வேலையைச் செய்துவிட்டு இரண்டாவது வாக்கியத்தை எழுதுவது பொய்தான். அந்தப் பொய்யில் கம்பெனிக்குப் பங்கில்லை, முழுக்க உங்களுடையது. பார்க்காத கிளையை 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். விறகு ஒத்துப்போகவில்லை என்றால், எந்த அளவீட்டைத் தவிர மற்றவை சரி என்பதைக் கருத்துப் பத்தியிலேயே எழுதுங்கள். பின்னிணைப்பில் எட்டுப் புள்ளி எழுத்தில் புதைக்காதீர்கள். ஆண்டறிக்கையில் உங்கள் சான்றின் ஒரு வரியை மட்டும் வெட்டிப் பளபளப்பாக அச்சிடும் வழக்கம் உண்டு. முழுமையாக வெளியிடுவதற்கு மட்டுமே அனுமதி என்று ஒப்பந்தத்தில் போடுங்கள்.

படி 8: வாசல் காவலாளிக்கு உங்கள் வண்டி எண் மனப்பாடமாகும்போது

பொதுநலன் சார்ந்த நிறுவனங்களின் நிதித் தணிக்கையில், அதற்குப் பொறுப்பான கூட்டாளி ஏழு ஆண்டுக்குப் பின் ஐந்து ஆண்டு விலகியிருக்க வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. தொழிற்சாலைத் தணிக்கைக்கு ஏழு ஆண்டு மிக நீளம் என்பது என் கருத்து. ஜோடி ஷார்ட், மைக்கேல் டாஃபெல் இருவரும் சகாக்களோடு உலகெங்கும் நடந்த ஆயிரக்கணக்கான தொழிற்சாலைத் தணிக்கைகளை அலசியதில், குழுவில் அதே தொழிற்சாலைக்கு முன்பு போனவர் இருந்தால் எழுதப்படும் மீறல்கள் குறைகின்றன என்று கண்டார்கள். ஆண்கள் மட்டுமே உள்ள குழுவும் குறைவாகவே எழுதியது. நான் மூன்று முறைக்கு மேல் ஒரே இடத்துக்குப் போவதில்லை. மூன்றாவது முறை போகும்போதே காவலாளி பெயர் கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறார்.

விலகிய கையோடு அங்கேயே நிலைத்தன்மைப் பிரிவில் வேலைக்குச் சேருவது இப்போது பெருகி வருகிறது. பேச்சுவார்த்தை தொடங்கிய நாளே அலுவலகத்தில் சொல்லிவிட்டு அந்தக் கோப்பிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

படி 9: தவறு பின்னால் தெரிந்தால்

தெரியும். எல்லாருக்கும் ஒருமுறையாவது தெரியவரும். மேலே சொன்ன டீசல் ஜெனரேட்டர், சான்று கொடுத்து ஐந்து மாதத்துக்குப் பிறகு வெளிப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரமே செய்ய வேண்டியவை: விடுபட்ட அளவைக் கணக்கிட்டு, அது மொத்த எண்ணை எவ்வளவு மாற்றுகிறது என்று பாருங்கள். முடிவை மாற்றும் அளவுக்கு இருந்தால், நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் சொல்லி, திருத்திய அறிக்கை கேளுங்கள். அவர்கள் மறுத்தால் உங்கள் சான்றைத் திரும்பப் பெறுங்கள். சான்றிதழை நம்பிய வாங்குபவருக்கோ ஒழுங்குமுறை அமைப்புக்கோ தகவல் போக வேண்டுமா என்பதைச் சட்ட ஆலோசனையோடு முடிவு செய்யுங்கள், நீங்களாக மறைக்க முடிவெடுக்காதீர்கள். ஆலோசனை தந்தது நீங்களே என்றால் அதையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள்.

நான் எழுதினேன். இரண்டு பக்கக் கடிதம், மூன்று நாள் பிடித்தது. திருத்திய எண் வெளியானது. மறு ஆண்டு அந்த வேலை வேறொருவருக்குப் போனது. புதியவர் தொலைபேசியில் அழைத்து, பழைய கோப்பைப் பார்க்கலாமா என்று கேட்டார். வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வந்ததும் அனுப்பிவைத்தேன், ஜெனரேட்டர் இருக்கும் இடத்தின் வரைபடத்தோடு. சமையலறைக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.